நூறில் ஒரு செக்கன் போதாது

கொழும்புத்துறை வீதியில் பாதித் தூரம் நடந்த பிறகுதான், காலில் கிடப்பது அலுவலகத்துக்குள் போடுகிற றப்பர் செருப்பு என்பதைக் கவனித்தேன். என் சப்பாத்து மாடிப்படியடியில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை. கோபித்துக்கொண்டு வந்தவன் சப்பாத்துக்காகத் திரும்பிப் போனால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோளில் பை. அதற்குள் ஒரு மாற்றுச் சேட்டு, சாப்பாட்டுப் பெட்டி, கட்டு விட்டுப்போன ஒரு அசெம்ப்ளர் கைநூல். எந்த ஊரில் எந்த வேலையை விட்டு வந்தாலும் என்னோடு வருவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

நான் விட்டு வந்த அலுவலகம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கனடாவில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பழைய கோபோல் மொழி நிரல்களைப் பராமரிப்பது அங்கே வேலை. நிரல்கள் ஓடுகிற மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினி கனடாவில் இருக்கிறது. நாங்கள் இங்கிருந்து இணையத்தின் வழியாக அதற்குள் நுழைகிறோம். அவர்களுக்கு இரவானால் எங்களுக்குப் பகல். பகல் முழுக்க அங்கே சேர்கிற விபத்து நட்டஈட்டுக் கோரிக்கைகளை எல்லாம் இரவில் மொத்தமாக எழுதி முடிக்கிற ஓட்டத்தை, நாங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த ஓட்டம் சில வாரங்களாக முறிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை முறிந்தால் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கனடாவில் இருந்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கொடுத்தால் மாடியைப் பூட்ட வேண்டியதுதான். கரவெட்டியில் இருந்தும் பருத்தித்துறையில் இருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் பாதிக்கு மேல் அங்கே. கொழும்புக்குப் போகாமல் ஊரில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று வீட்டில் சண்டை பிடித்து வந்து சேர்ந்தவர்கள். நான் நடந்துகொண்டிருந்த அந்த வேளையில், கடைசித் தடவை என்று சொல்லப்பட்ட ஓட்டம் தொடங்கியிருக்கும். அது முறியும் என்று எனக்குத் தெரியும். சொல்லியும் கேட்கவில்லை என்பதுதான் சண்டை.

என்ன பிழை என்று சொல்லிவிடுகிறேன். கஷ்டமான விஷயம் இல்லை.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்பில் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாள இலக்கம். அதை நாங்கள் மாடியில் திறப்பு என்போம், அந்த இலக்கத்தைக் கொண்டுதான் பதிவைத் திறக்கலாம் என்பதால். இரண்டு பதிவுக்கு ஒரே திறப்பு வரக்கூடாது. வந்தால் இரண்டாவதைக் கோப்பு ஏற்காது. நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் காத்திருக்கும் கோரிக்கைகள் எல்லாம் அப்படியே கிடக்கும். இந்த நிரலை முதலில் எழுதிய மனிதர், அவர் யாரோ எவரோ, திறப்புக்குத் திகதியையும் நேரத்தையும் வைத்தார். எட்டு இலக்கம் திகதி, எட்டு இலக்கம் நேரம். மணி, நிமிடம், செக்கன், செக்கனில் நூறில் ஒரு பங்கு. கோபோல் தானாகக் கொடுக்கிற நேரம் அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஆட்கள் உட்கார்ந்து கையால் தட்டினார்கள். நூறில் ஒரு பங்கு செக்கனுக்குள் இரண்டு பேர் தட்ட மாட்டார்கள். இப்போது தட்டுவது ஆளில்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் கணினி பதிவுகளைக் குவியலாகக் கொட்டுகிறது.

முதல் வைத்தியம் என்னுடையது. நேரத்தின் கடைசியில் ஒரு எண்ணியைச் சேர்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டு போகும். ஒரு நிரல் ஓடும்போது அழகாக ஓடியது. ஆனால் கனடாக்காரர் வேகத்துக்காக அதே நிரலின் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள். பருத்தித்துறைச் சந்தையில் மூன்று பேர் மூன்று மூலையில் நின்று மீனை ஏலம் கூறி விற்றுக்கொண்டு, ஒவ்வொருவரும் தன்னுடைய குவியலுக்கு ஒன்றிலிருந்து இலக்கம் போட்டால் என்ன நடக்கும்? மூன்று ஒன்றாம் இலக்கம் இருக்கும். அதுதான் நடந்தது.

ஆகவே நான் இன்னும் கீழே இறங்கினேன். மெயின்ஃப்ரேமின் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்து, அந்தப் பிரிவையும் மேலும் பிரித்து வைத்திருக்கிற கடிகாரம். அதைக் கேட்டு வாங்க ஒரு இயந்திரக் கட்டளை உண்டு. கோபோலுக்கு அந்தக் கட்டளை தெரியாது. இயந்திரத்தோடு நேரே பேசுகிற அசெம்ப்ளர் மொழியில் ஐந்தாறு வரி எழுதிக் கோபோலிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளையின் சிறப்பு வேகம் மட்டுமில்லை. கணினிக்குள் எத்தனை செயலிகள் ஒரே கணத்தில் கேட்டாலும் அந்த இயந்திரம் இரண்டு பேருக்கு ஒரே விடையைச் சொல்லாது. தேவையானால் ஒருவரைக் கொஞ்சம் காக்க வைத்தாவது வேறு விடை கொடுக்கும். எட்டு பைட் நீளமான விடை, எட்டு எழுத்து பிடிக்கிற இடம். அந்த ஐந்தாறு வரியை நான் எழுதினேன். கனடாவில் அசெம்ப்ளர் என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு அசெம்ப்ளர் தெரிந்தது படித்ததால் இல்லை. நான் பத்தாம் வகுப்புத் தாண்டவில்லை. இடம்பெயர்ந்து போன வருடம் பள்ளிக்கூடமும் எங்களோடு இடம்பெயர்ந்தது. அது திரும்பி வந்தது, நான் வரவில்லை. கரவெட்டியில் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினேன். பருத்தித்துறையில் ஐஸ் சுமந்தேன். வவுனியாவில் ஒரு கடையில் படுத்து எழும்பினேன். பிறகு வளைகுடாவில் ஒரு வங்கியின் கணினிக் கட்டடத்தில் நிலம் துடைக்கிற வேலை. குளிர் அறை, வெளியே கொதிக்கிற வெயில், துடைக்கத் துடைக்க மணல். அங்கே கணினியின் காந்த நாடாக்களை மாற்றுகிற ஒருவன் சொல்லாமல் ஊருக்கு ஓடிய அன்று, பக்கத்தில் நின்றவன் நான் என்பதால் என்னை மாற்றச் சொன்னார்கள். நாடா மாற்றினேன். அலுமாரியில் கைநூல்கள் அடுக்கியிருந்தன. வாசிக்க வேறொன்றும் இல்லை. என் ஆங்கிலம் அந்தக் கைநூல் ஆங்கிலம். ஒரு நிரல் ஏன் விழுந்தது என்று ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொல்வேன். ஒரு கடையில் சீனி குறைத்துத் தேநீர் கேட்கத் தெரியாது.

சரி, சண்டைக்கு வருகிறேன். அலுவலகத்தை நடத்துவது ஒரு பெண். கரவெட்டிக்காரி, என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர், பொறியியல் படித்துக் கொஞ்சக் காலம் கனடாவில் வேலை செய்து, இதை இங்கே தொடங்க வேண்டும் என்றே திரும்பி வந்தவர். என்னை அண்ணை என்பார். நான் பிள்ளை என்பேன். அவர் என் வரிகளை எடுத்தார். ஆனால் அது கொடுத்த எட்டு பைட்டை அப்படியே திறப்பில் வைக்கவில்லை. அதை மணி, நிமிடம், செக்கன் என்று மாற்றி, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் எழுதி, மிச்ச வாலை வெட்டிவிட்டார். திகதியைச் சுருக்கி அதற்கு இடமும் பிடித்தார்.

“அண்ணை, பத்து இலட்சத்திலை ஒரு பங்கு. அதுக்குள்ளை ரெண்டு பதிவு வருமே?”

“வரும் பிள்ளை. எழுதிறது ஒரு ஆளில்லை. எத்தினை பிரதி ஒண்டா ஓடுது எண்டு பாருங்கோ.”

“பரிசோதனையிலை ஓடிச்சுதே!”

“பரிசோதனையிலை ஒரு பிரதிதானே ஓடினது.”

“கனடாவிலை கண்ணாலை வாசிக்கிற மாதிரி இலக்கம் வேணுமெண்டு கேக்கினம். நான் அவைக்கு என்னத்தைச் சொல்ல?”

“கண்ணுக்கு வடிவாயிருக்கோணுமெண்டு வாலை வெட்டுறியள். வேறாக்கிறதே அந்த வால்தான்.”

“இப்ப மாத்த நேரமில்லை. இதைத்தான் அனுப்பப் போறன்.”

“அப்ப நிரலின்ரை தலைப்பிலை இருக்கிற என்ரை பேரை எடுத்துவிட்டு அனுப்புங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். எடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. நான் பையைத் தூக்கினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கால் வேலை செய்யும்.

கொழும்புத்துறையில் நான் இருப்பது ஒரு மீன்பிடிக்காரனின் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பு அறையில். ஐஸ் சுமந்த காலத்துச் சிநேகிதன். இறங்குதுறைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு வாடி உண்டு. நாலு தடி, மேலே தகரம், உள்ளே வலையும் மீன்பெட்டிகளும். அன்று அவன் நண்டு வலையை மடியில் போட்டுக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டான்.

“என்ன மச்சான், கம்பியூட்டர் உன்னைத் துரத்திப்போட்டுதோ?”

“நான்தான் விட்டிட்டு வாறன்.”

“செருப்பைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை. துரத்தின மாதிரித்தான் கிடக்கு.”

ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பின்னேரம் பருத்தித்துறை பஸ் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே ஐஸ் தொழிற்சாலையில் என்னை எப்போது போனாலும் சேர்த்துக்கொள்வார்கள். முதுகு முன்னைப்போல இல்லை, ஆனால் இன்னும் இருக்கிறது. அதை அவனிடம் சொன்னேன். அவன் வலையில் இருந்து கண்ணை எடுக்காமல் என்ன சண்டை என்று கேட்டான். திறப்பையும் நேரத்தையும் வாலையும் சொன்னேன்.

“ரெண்டு வள்ளம் ஒண்டா வந்தால் ஆர் முந்தி எண்டு அடிபடுறாங்களே, உது மாதிரியோ?”

“அதேதான். ஆனா அந்த மெசின் ரெண்டு வள்ளமும் ஒண்டா வந்ததெண்டு சொல்லவே சொல்லாது. ஒண்டைக் கொஞ்சம் பிந்தித்தான் வந்ததெண்டு சொல்லும்.”

“அப்ப நல்ல மெசின். எங்கடை சங்கத்துக்கு ஒண்டு வாங்கோணும்.”

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க கைத்தொலைபேசி அடித்தது. அலுவலகத்திலிருந்து அவர்தான்.

“அண்ணை, நிண்டிட்டுது.”

“எந்த இடத்திலை?”

“அதே இடம். அதே பிழை.”

சொன்னேனே என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக அந்த மாடி சந்தை மாதிரி இருக்கும். அந்த அமைதியைக் கேட்ட பிறகு எனக்குச் சொல்ல விருப்பமில்லாமல் போய்விட்டது.

“நீங்கள் சொன்ன மாதிரித்தான் நடந்தது” என்றார் அவரே. “அதைப் பிறகு கதைப்பம். கனடாவிலை கந்தோர் திறக்க முன்னம் திரும்பி ஓடி முடிஞ்சுதெண்டால் முறிஞ்சதாக் கணக்கெடுக்க மாட்டினம். எங்கை நிக்கிறியள்?”

“கொழும்புத்துறை. வாடியிலை.”

“அங்கையே நில்லுங்கோ, வாறன். இஞ்சை கரண்டும் போயிட்டுது.”

கனடாவில் விடிவதற்கு எங்களுக்கு இருந்தது ஒரு பின்னேரம்.

அவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஒரு தோளில் மடிக்கணினிப் பை. கையில் ஒரு கடைப்பை. அதை என் மடியில் வைத்தார்.

“உங்கடை சப்பாத்து. கீழை இரும்புக்கடைக்காரர் விலை போட்டு வைக்கப் பாத்தவர்.”

சிநேகிதன் இரண்டு மீன்பெட்டியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மேசையாக்கினான். மேலே ஒரு சாக்கை விரித்தான். அவர் கணினியை வைத்து, தொலைபேசியில் இருந்து இணையத்தை எடுத்து உள்ளே போனார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. சிநேகிதன் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“உதுவோ கனடா? இன்னும் கலர் வரேல்லையோ அங்கை?”

“அண்ணை, வந்தால் எங்களுக்கு வேலை இல்லை” என்றார் அவர், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வாயைத் திறந்தேன். திறப்பில் எட்டு பைட்டை அப்படியே வையுங்கள், ஒன்றையும் மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள் என்றேன். பழைய நேரமும் எட்டு இலக்கம், அதாவது எட்டு பைட். இயந்திரக் கடிகாரம் கொடுப்பதும் எட்டு பைட். பழையது இருந்த இடத்தில் புதியது அச்சொட்டாக உட்காரும். திகதியையும் சுருக்கத் தேவையில்லை. கோப்பின் அளவை மாற்ற வேண்டாம், கோப்பைப் பாவிக்கிற மற்ற நிரல்களைத் தொட வேண்டாம். இது எனக்கு முதலில் தென்பட்டபோது, வளைகுடாவில் அந்தக் குளிர் அறையில்போல் தனியே இருந்திருந்தால் எழும்பி ஆடியிருப்பேன். அவரும் அதை ஏற்றார். ஆனால் அதோடு விடவில்லை.

“சரி, திறப்பு உங்கடைதான். அது முடிஞ்சுது. ஆனா அண்ணை, அந்த எட்டு பைட்டைத் திரையிலை போட்டால் குப்பை மாதிரித் தெரியும். காலுடைஞ்சு வீட்டிலை கிடக்கிற மனிசன் ரெலிபோன் எடுத்து என்ரை கோரிக்கை என்னாச்செண்டு கேக்கேக்கை, அங்கை இருக்கிற பிள்ளை எதை வாசிக்கிறது?”

இந்தக் கேள்வியை அவர் காலையிலும் கேட்டிருக்கலாம். கனடாக்காரர் கேட்கிறார்கள் என்றுதான் சொன்னார். கனடாக்காரர் என்றால் எனக்குக் கந்தோரும் கழுத்துப்பட்டியும்தான் நினைவில் வரும். காலுடைந்த மனிதன் வரவில்லை. ஐஸ் பெட்டி விழுந்து என் கால் வீங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அப்போது ஆஸ்பத்திரியில் என் துண்டுச் சீட்டை எடுத்து வாசித்துப் பெயர் கூப்பிட ஒரு ஆள் வரும்வரை வாங்குப் பலகையில் கிடந்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாத இலக்கத்தால் யாருக்கும் பயனில்லை.

“பதிவின்ரை கடைசியிலை வெறும் இடம் கிடக்கு” என்றார். “பின்னாலை தேவைப்படுமெண்டு அந்தக் காலத்திலை விட்டிருக்கினம். அதுக்குள்ளை வாசிக்கிற நேரத்தைப் போடுவம். அதை வைச்சுத் தேட வேறை ஒரு சுட்டி கட்டுவம். அந்தச் சுட்டியிலை ரெண்டு பதிவுக்கு ஒரே நேரம் வந்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லி வைக்கலாம். ரெலிபோனிலை நேரத்தைச் சொன்னால், அந்த நேரத்திலை உள்ள ரெண்டு பேரும் திரையிலை வருவினம். பேரைக் கேட்டு ஆளைப் பிடிக்கலாம்.”

மெசினுக்கு ஒரு இலக்கம், மனிதருக்கு ஒரு இலக்கம். இவ்வளவுதான் விஷயம். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் வெட்டக்கூடாது என்று நின்றேன், அவர் வாசிக்க வேண்டும் என்று நின்றார். இரண்டுக்கும் இடம் அந்தப் பதிவிலேயே கிடந்தது.

“இது உங்கடை மூளை” என்றேன்.

“உங்கடை கடிகாரம்” என்றார். “ஒண்டு கேக்கட்டே? அந்தக் கடிகாரம் 2042-இலை நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பி வருமாமே?”

“வரும். ஆனா முன்னாலை திகதி முழுசா நிக்குதுதானே. குழம்பாது. அப்ப நான் இருக்க மாட்டன், நீங்கள் ஒருக்காப் பாருங்கோ.”

“நீ எங்கை போகப்போறாய்? ஐஸிலை வைச்செடுப்பம்” என்றான் சிநேகிதன்.

நான் என் பங்கை எழுதினேன். அவர் தன் பங்கை எழுதினார். ஒரே கணினி என்பதால் மாறி மாறித் தட்டினோம். நான் இரண்டு விரலால் தட்டுகிறவன். அவர் பொறுத்துக்கொண்டிருந்தார், ஒரு தடவை மட்டும் என் கையைத் தட்டிவிட்டு அவரே அடித்து முடித்தார். இம்முறை பரிசோதனைப் பகுதியில் ஒரு பிரதியோடு விடவில்லை. அவரே சொன்னார், உண்மையான ஓட்டத்தில் எத்தனையோ அத்தனையையும் ஒன்றாக ஓடவிடுவோம் என்று. முதலில் அவருடைய காலை நிரலை அப்படி ஓடவிட்டார். கொஞ்சத்தில் நின்றது. எங்கே பிழைத்தது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் போல அவருக்கு இருந்திருக்கும். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசி இலக்கம் வரைக்கும் ஒரே நேரம். அவற்றின் முழு எட்டு பைட்டையும் எடுத்தார். வெட்டிய வாலில்தான் வித்தியாசம்.

“பாருங்கோவன், பக்கத்திலை பக்கத்திலை நிண்டு எழுதியிருக்கினம்” என்றார், கோபமில்லாமல், அதிசயமாக.

பிறகு புதியதை ஓடவிட்டோம். எல்லாப் பிரதியும் முடிந்தன. ஒன்றும் நிற்கவில்லை.

அவர் கனடாவில் இரவுக் கடமையில் இருந்தவருக்குத் தொலைபேசி எடுத்தார். முறிந்த ஓட்டம் எழுதியதை அழித்து, கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புது நிரலை ஏற்ற வேண்டும். இவருடைய ஆங்கிலத்தைக் கேட்க எனக்குப் பொறாமையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் இருந்தவர் தயங்கினார் போல. அசெம்ப்ளர் என்ற சொல் இரண்டு தடவை வந்தது. இவர் எழும்பி, கடலைப் பார்த்தபடி, அந்த வரிகளை எழுதியவர் தன் பக்கத்தில்தான் இருக்கிறார், அவருடைய பெயர் நிரலில் இருக்கிறது, தன்னுடையதும் இருக்கிறது என்று சொன்னார். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை உடனே நிமிர்த்தவில்லை. காலையில் அவர் என் பெயரை எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓட்டம் தொடங்கியது. திரையில் எழுதி முடித்த பதிவுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டு போனது. சிநேகிதன் பொத்துவதை நிறுத்திவிட்டான். பக்கத்து வாடிக்காரர் ஒருவர் வந்து, என்ன கிரிக்கெட்டோ என்று கேட்டார். கனடா அடிக்குது என்றான் சிநேகிதன். ஆர் பந்து போடுறது என்று கேட்டார் அவர். எங்கடை ஆள்தான் என்றான். அவர் உண்மையென்று நினைத்து நின்று பார்த்தார். பச்சை இலக்கங்களைத் தவிர ஒன்றும் வராததால் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

காலையில் முறிந்த எண்ணிக்கை வந்தது. அது தாண்டிப் போனது. அதற்கு முந்திய வாரம் முறிந்த இடமும் தாண்டிப் போனது. அவர், சிநேகிதன் ஊற்றிக் கொடுத்து ஆறிப்போன பிளேன்டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். கடல் வற்றி, கரையோரச் சேறு தெரியத் தொடங்கியிருந்தது. கொக்குகள் இறங்கின. ஓட்டம் முடிந்தது. கடைசி வரியில் பூச்சியம் என்று வந்தது. எங்கள் தொழிலில் பூச்சியம்தான் முழுப் புள்ளி. வேறு எந்த எண் வந்தாலும் எங்கோ ஏதோ பிழை.

அவர் மாடிக்குத் தொலைபேசி எடுத்து ஒரே ஒரு சொல் சொன்னார். “பூச்சியம்.” அந்தப் பக்கத்தில் எழும்பிய கூச்சல் வாடிக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“பூச்சியமெடுத்ததுக்கு இவ்வளவு கொண்டாட்டமோ?” என்றான் சிநேகிதன். “நான் பள்ளிக்கூடத்திலை எத்தினை எடுத்தனான், ஒருத்தரும் கத்தேல்லை.”

கனடாவில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்திருக்கும். அங்கே ஒருவர் கந்தோரைத் திறந்து, கணினியைப் போட்டு, கோரிக்கைகள் எல்லாம் வழமைபோல் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, ஒன்றும் நினைக்காமல் கோப்பி குடிக்கப் போயிருப்பார். அதுதான் எனக்கு வேண்டும். நான் செய்த பல வேலைகளில் நான் செய்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சியதில்லை. சுமந்த ஐஸ் உருகிவிட்டது. துடைத்த நிலத்தில் மறுநாளே மணல். இந்த எட்டு பைட், ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு பதிவுக்கும், நான் இல்லாமலே, ஒன்றைப்போல் இன்னொன்று வராமல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பெருமையை நான் மறைக்கவில்லை. அன்று இறங்குதுறையில் நின்றபோது என் நெஞ்சு கொஞ்சம் விரிந்துதான் இருந்தது.

அவர் ஸ்கூட்டியில் ஏறும்போது கேட்டார்.

“நாளைக்கு வருவியளோ?”

“பாப்பம்.”

“பாப்பம் எண்டால் ஓமோ இல்லையோ?”

“பாப்பமெண்டால் பாப்பம்தான்.”

அவர் சிரிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பருத்தித்துறை பஸ்ஸை நான் எடுக்கவில்லை. எடுக்காததற்கு ஒரு காரணமும் தேடவில்லை.

மறுநாள் காலை மாடி ஏறினேன். பிள்ளைகளில் ஒருத்தி, “அண்ணை, உள்ளுக்குப் போடுற செருப்பைக் காணேல்லை, ஆரோ களவெடுத்திட்டினம்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தன் மேசையில் இருந்தார். கனடாவில் இருந்து பதில் வந்திருந்தது. வேலை எங்களிடமே இருக்கும். அதோடு ஒரு கேள்வியும் இருந்தது. பழைய நேரத்தைத் திறப்பாக வைத்திருக்கிற நிரல்கள் இன்னும் நிறைய உண்டே, அவற்றை எல்லாம் இப்படி மாற்ற முடியுமா என்று.

“அது கொஞ்ச நாள் வேலையில்லை, அண்ணை” என்றார். “நீங்கள் துண்டு துண்டா வந்து செய்யேலாது. நிரந்தரமா நிக்கோணும். நிண்டு இந்தப் பிள்ளையளுக்கும் அசெம்ப்ளரைக் காட்டுங்கோ. அவையிட்டை இருந்து நீங்கள் தட்டப் பழகுங்கோ.”

“நான் நிரந்தரமா எங்கையும் நிண்டதில்லை.”

“தெரியும். ஒரு நிபந்தனை மட்டும்தான். கோவிச்சுக்கொண்டு போறதெண்டால் போற இடத்தைச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

“எனக்கும் ஒண்டு இருக்கு. திறப்பிலை கை வைக்கிறதெண்டால் ரெண்டு பேரும் பாத்துத்தான் வைக்கோணும்.”

“ஓம்” என்றார்.

நான் ஓம் என்று சொல்லவில்லை. போய் உட்கார்ந்து கணினியைப் போட்டேன். முதலாவதாக அவர் எனக்குக் கொடுத்தது மரணக் கோரிக்கைகளை எழுதுகிற நிரல். அதுவும் பழசு, அதே நூறில் ஒரு பங்கு செக்கன். இதுவரை அது முறியவில்லை, முறிந்திருந்தால் ஒரு வீட்டில் எவ்வளவு காத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டிய நிரல். பச்சை வரிகளைக் கீழே தள்ளிக்கொண்டு போனேன். கோபோல் நேரத்தைக் கேட்டு வாங்குகிற அந்தப் பழைய வரி நடுவில் இருந்தது. அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்; அவர் பக்கத்தில் நிற்க, இரண்டு விரலால் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் கடிகாரத்தைக் கூப்பிடுகிற வரியைத் தட்டத் தொடங்கினேன்.